கால் அணா அம்மன்

குப்பண்ணன் தோட்டத்தில் காசு கிடைத்தபோது அது முழங்கால் ஆழத்தில்தான் இருந்தது. சொட்டுநீர்க் குழாய் பதிக்க வரப்போரமாகப் பள்ளம் பறித்துக்கொண்டிருந்த ஜேசிபி ஒரு பழைய பனங்கட்டையைப் புரட்டியபோது, வேரோடும் மண்ணோடும் அதுவும் வந்து விழுந்தது. மத்தியானம் டீக்கடையில் சொல்லும்போது இடுப்பளவு ஆழம் ஆயிற்று. சாயங்காலம் வேலந்தாவளம் கடைவீதியில் ஆளுயரம். மறுநாள் காலை, பங்காளிகளின் வாட்சப் குழுவில் ‘பன்னிரண்டடிக்குக் கீழே கண்டெடுக்கப்பட்ட சேரர் காலத்து நாணயம்’ என்று செய்தி வந்தது. பள்ளம் பறித்தவனே அதைப் படித்து ஆச்சரியப்பட்டு நாலு பேருக்கு அனுப்பிவைத்தான்.

பார்ப்பதற்கு அது காசு மாதிரியே இல்லை. பச்சைக் களிம்பும் கறுப்பும் மண்ணும் அப்பிய ஒரு வட்டம். வரட்டியில் கிள்ளிய துண்டு என்றாலும் நம்பலாம். எழுத்து, உருவம் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததால் குப்பண்ணனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அது சேரர் காசாக இருந்தே தீரவேண்டும் என்பதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது. ஊர் மாரியம்மன் திருவிழாவான நோம்பியில் பரிவட்டம் கட்டும் முதல் மரியாதை தன் குடும்பத்துக்கா, பங்காளி மோகனசுந்தரம் குடும்பத்துக்கா என்று இருபது வருஷமாகத் தகராறு. இரண்டு பேருடைய முப்பாட்டன்மாரும் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வண்டி பூட்டி வந்து இங்கே காடு திருத்தியவர்கள். யார் வண்டி முதலில் வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. சேரன் காசு தன் தோட்டத்தில் கிடைத்தால் தன் முப்பாட்டன் சேரனுக்குப் பக்கத்து ஊட்டுக்காரன் என்று ஆகிவிடும் என்பது குப்பண்ணனின் வாதம். அதில் உள்ள ஓட்டையை அவருக்கு எடுத்துச் சொல்லும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

மருமகள் தமிழ்ப்ரியாவுக்கு நிச்சயமாக இல்லை. கல்யாணமாகி வந்த இந்த எட்டு மாதத்தில் அவள் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. கஞ்சிக்கோட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனி சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. நோம்பி முடிந்த திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். புருஷன் மணிகண்டன், “அப்பாகிட்டக் கேட்டுக்கோ” என்றான். அப்பாவிடம் கேட்டதற்கு, “பாக்கலாம்” என்றார். அந்த வீட்டில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

இந்த நேரத்தில்தான் காசு வந்தது.

“ஏ அம்மிணி, நீ எம்மெஸ்ஸி கெமிஸ்ட்ரிதான?”

“ஆமாங்க மாமா.”

“ஒரு காசு கழுவத் தெரியுமல்ல?”

“தெரியுமுங்க.”

“நோம்பிக்குள்ள இதுல இருக்கற எழுத்து தெரியறாப்பல கழுவிக் குடு. ஊர் முன்னால வெக்கோணும். அதுக்கப்பறம் உன்ற கஞ்சிக்கோட்டுச் சங்கதியப் பேசலாம்.”

‘பாக்கலாம்’ போய் ‘பேசலாம்’ வந்துவிட்டது. தமிழ்ப்ரியா காசை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அன்று முதல் அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கெமிஸ்ட்ரி படித்தவர்களாக மாறினார்கள். பல் தேய்க்கும் பேஸ்டைத் தடவச் சொன்னார் ஒருவர். கோலாவில் ஊறப்போட்டால் போதும், யூடியூப்பில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். பால் சொசைட்டிக்காரர், கக்கூஸ் கழுவுகிற நீலத் தண்ணியை ஒரு மூடி ஊற்று, பத்து நிமிஷத்தில் சேரன் சிரிப்பான் என்றார். மாமியார் கமலாத்தாள் இதையெல்லாம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“துளி புளிய வெச்சு நாலு தேய் தேச்சாப் பொன்னாட்ட மின்னும். குத்துவெளக்கெல்லாம் நாங்க காலேசுக்குப் போயா துலக்குனோம்?”

“வெளக்குல எழுத்து இல்லீங்களே அத்தை. புளி அழுக்க மட்டும் திங்காதுங்க. காசையும் சேத்துத் திங்கும்.”

அந்த வீட்டில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். கமலாத்தாள் அவள் பக்கம் திரும்பினாள். “பேசுவியா நீ?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

டிராக்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கிவைத்த தண்ணி கேனிலிருந்து தமிழ்ப்ரியா கொஞ்சம் எடுத்தாள். உப்பும் சுண்ணாம்பும் இல்லாத தண்ணி அந்த வீட்டில் அது ஒன்றுதான். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை அதில் போட்டு மூடி வைத்தாள். தினமும் தண்ணியை மாற்றினாள். இளகிய மண்ணைக் குழந்தைகளுக்கான பல்பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தேய்க்கவில்லை. பிறகு மெடிக்கல் ஷாப்பில் பாரபின் எண்ணெய் வாங்கி, காசைத் துடைத்து உலரவைத்து, அதில் மூழ்கவைத்தாள். அந்த எண்ணெயை அங்கே மலச்சிக்கலுக்குத்தான் விற்கிறார்கள். கடையில் இருந்த டின்சி, “ஆருக்கு, மாமனாருக்கா?” என்று கேட்டாள். பதில் சொல்லக் கூச்சப்பட்டுத் தமிழ்ப்ரியா தலையை ஆட்டிவிட்டாள். அதற்கப்புறம் ஒரு வாரம் குப்பண்ணனைப் பார்த்தவர்கள் எல்லாம் அவர் வயிற்றை விசாரித்தார்கள். பரிவட்டம் கட்டப்போகிறவர் மேல் ஊருக்கு வந்திருக்கும் மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நாள் போகப் போகக் குப்பண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “இத்தனை நாளா ஊறுது, ஊறுகாயா போடற?” என்பார். “காசு மேல இருக்கற பச்சைதானுங்க மாமா அதுக்குத் தோலு. தோல உரிச்சா முகம் போயிரும்,” என்று அவள் மெதுவாகச் சொல்வாள். அவள் சொன்னதில் அவர் காதில் விழுந்தது ‘முகம்’ மட்டும்.

“முகமா? ஆரு முகம்?”

அடுத்த வாரம் அது தெரிந்தது. எண்ணெயில் இருந்து எடுத்து, மூங்கில் சிராயின் நுனியால் ஒரு பொருக்கை நெம்பியபோது, கீழே ஒரு பெண்ணின் கன்னம். பிறகு மூக்கு. தலையில் ஒரு மகுடம். உடுப்பில் பூ வேலை. எட்டிப்பார்த்த கமலாத்தாள் கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அய்யோ ஆத்தா! அம்மனல்ல வந்திருக்கறா!”

குப்பண்ணன் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மகுடத்தைப் பார்த்ததும் அவர் மீசை துடித்தது. மன்னனைத் தேடிப் போனவருக்குச் சாமியே கிடைத்துவிட்டது. அன்று மாலைக்குள் வாட்சப்பில் ‘சேரர் வழிபட்ட அம்மன் திருமுகம், பதினெட்டடி ஆழத்தில்’ என்று போய்ச் சேர்ந்தது. பிளக்ஸ் பேனருக்கும் சொல்லியாயிற்று. அதில் அம்மனைவிடக் குப்பண்ணன் படம் பெரியது.

எழுத்து தெரிந்தது நோம்பிக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம். மற்றவர்கள் எல்லாம் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். தமிழ்ப்ரியா பூதக்கண்ணாடியை வைத்து ஓரத்தைச் சுத்தம் செய்தபோது ஒரு V வந்தது. அப்புறம் I. அப்புறம் C. அவள் மறுபக்கத்தைத் திருப்பினாள். அங்கே இன்னும் தெளிவாக இருந்தது. ஒன் குவார்ட்டர் அணா, இந்தியா, 1862.

யாரும் இல்லாத வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து பார்த்தது. சிரித்து முடித்ததும் கஞ்சிக்கோடு ஞாபகம் வந்தது.

மாமனார் திரும்பியதும் மாட்டுக்கொட்டகையில் தனியாகப் பிடித்தாள்.

“மாமா, எழுத்து தெரியுதுங்க.”

“தெரியுதா! வட்டெழுத்தா?”

“இங்கிலீசுங்க.”

குப்பண்ணன் யோசித்தார். “சேரன் காலத்துலயே இங்கிலீசு இருந்துச்சா?” என்று நம்பிக்கையோடு கேட்டார்.

“இல்லீங்க மாமா. அது விக்டோரியா ராணி. வெள்ளைக்காரன் காலத்துக் கால் அணா. ஆயிரத்தெண்ணூத்தி அறுபத்திரண்டு.”

குப்பண்ணன் எருமையைப் பார்த்தார். எருமை அவரைப் பார்த்தது.

“ஆருக்காச்சும் சொன்னயா?”

“இல்லீங்க.”

“மணிகண்டனுக்கு?”

“இல்லீங்க.”

“நல்ல புள்ள,” என்றார். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. எருமையின் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டார்: “உன்ற அத்தை சொன்னாப்பல புளி போட்டுத் தேச்சா, எழுத்தெல்லாம் நெசமாவே போயிருமா?”

“போயிருமுங்க.”

“சும்மா கேட்டேன்.”

மறுநாள் காலை அவர் பக்திமானாக எழுந்தார். நெற்றி நிறையத் திருநீறு. அம்மன் முகம் காட்டிய பிறகு அவளை எண்ணெயில் போட்டு வைப்பது பாவம், வெள்ளிக்கிழமை அபிஷேகம் செய்துதான் நோம்பிக்கு எடுத்துப்போக வேண்டும் என்று அறிவித்தார். அபிஷேகத்துக்கு என்னென்ன என்று அவரே சொன்னார். தயிர், எலுமிச்சை, பஞ்சாமிர்தம், இளநீர். “தயிர் நல்லாப் புளிச்சதா இருக்கட்டும்,” என்றும் சொன்னார்.

“புளிச்சதெல்லாம் ஆகாதுங்க மாமா,” என்றாள் தமிழ்ப்ரியா.

“அம்மனுக்குப் புளிப்பு ஆகாதுன்னு எந்தச் சாத்திரத்துல இருக்குது? கெமிஸ்ட்ரிலயா?”

அபிஷேகத்துக்கு முன்னால் துலக்க வேண்டும் அல்லவா? பூசைச் சாமான் எதுவானாலும் புளியும் செங்கல் பொடியும் படாமல் சாமி முன்னால் போவது அந்த வீட்டில் வழக்கம் இல்லை. கமலாத்தாள் குளித்து ஈரத்தலையோடு உட்கார்ந்தாள். உள்ளங்கையில் அம்மனை வைத்து, ‘ஆத்தா, தாயே’ என்று முனகிக்கொண்டே தேங்காய் நாரால் தேய்த்தாள். முப்பது வருஷமாகக் குத்துவிளக்கும் குடமும் தேய்த்த கை. குப்பண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு மேற்பார்வை செய்தார்.

“இன்னுங் கொஞ்சம் அழுத்தித் தேய். ஓரத்துல அழுக்கு நிக்குது.”

“போதுங்க. முகம் மங்கறாப்பல இருக்குது.”

“அம்மன் முகம் எங்க போகுது? உள்ளார இருக்கும். நீ தேய்.”

நூற்றைம்பது வருஷம் மண்ணுக்குள் கிடந்த செம்பு அது. ராணியின் மூக்கும் மகுடமும் பச்சைக் களிம்பில்தான் மிச்சம் இருந்தன. களிம்பு போன வழியில் மூக்கு போயிற்று. மகுடம் போயிற்று. அணா போயிற்று, இந்தியா போயிற்று, வருஷமும் போயிற்று. தயிரும் எலுமிச்சையும் வந்து சேர்ந்தபோது அவற்றுக்குச் செய்ய அதிக வேலை இல்லை. தமிழ்ப்ரியா தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு பயபக்தியோடு ஒரு தடயம் அழிக்கப்பட்டதில்லை.

நோம்பி அன்று கோயில் முன்னால் ஒரு தட்டில், வெற்றிலை மேல், காசு பளபளவென்று இருந்தது. சட்டைப் பொத்தான் போல வழவழப்பு. வரிசையில் வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். முதலில் வந்தவர் ஒன்றும் தெரியாமல் விழித்தார். குப்பண்ணன் உரக்கச் சொன்னார்: “மனசு சுத்தமா இருக்கறவங்களுக்கு மூக்குத்திகூடத் தெரியும்.” அதற்குப் பிறகு வந்த எல்லாருக்கும் மூக்குத்தி தெரிந்தது. பால் சொசைட்டிக்காரருக்கு அது சிவப்புக்கல் மூக்குத்தி என்பதும் தெரிந்தது.

மோகனசுந்தரம் வந்தார். கூட்டம் விலகிற்று. இவர் எப்படியும் குட்டை உடைப்பார் என்று தமிழ்ப்ரியா நினைத்தாள். அவர் குனிந்து, காசை இப்படியும் அப்படியும் பார்த்து, நிமிர்ந்து, இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

“அம்மனேதான். சந்தேகமே இல்லை.”

குப்பண்ணனுக்கே தூக்கிவாரிப்போட்டது.

“ஆனா ஒண்ணு,” என்றார் மோகனசுந்தரம். “இவ கெடச்சது எங்க? வரப்புல. வரப்புல இருந்த பனங்கட்டை ஆர்து? என்ற அப்பன் வெச்ச பனை. அம்மன் வந்தது என்ற பனைக்கு அடியில. குப்பண்ணன் பள்ளம் பறிச்ச கூலிக்காரன். அவ்வளவுதான்.”

“ஆருடா கூலிக்காரன்?”

“நீதான். ஜேசிபி வாடகைகூட இன்னும் குடுக்கலையாமா.”

இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்து, “அமைதி, அமைதி, போலீசு எய்ட் போஸ்ட்டு பக்கத்துலதான் இருக்குது,” என்று சொல்லிப் பார்த்தார். மோகனசுந்தரம் சட்டென்று பெண்கள் கூட்டத்தைக் காட்டினார்.

“கழுவுன புள்ளையே சொல்லட்டும். மண்ணு ஒட்டியிருந்ததப் பாத்தவ அவதான். படிச்ச புள்ள. பொய் சொல்லாது. ஏங் கண்ணு, என்ற காட்டுச் செம்மண்ணா, உன்ற மாமன் காட்டுக் கரிசலா? அம்மன் எப்படி இருந்தா? சொல்லு.”

குப்பண்ணன் அதைவிட வேகமாக மைக்கை வாங்கினார். குரலில் தேன். “என்ற மருமக. திங்கக்கிழமை கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போறா. நாந்தான் அனுப்பறேன். அவ சொல்லட்டும், ஊரு கேக்கட்டும்.”

ஊர் முன்னால் விலை சொல்லியாயிற்று. மைக் அவள் கைக்கு வந்தது. அது ஈரமாக இருந்தது. அவள் வாழ்நாளில் மைக்கைத் தொட்டதில்லை. வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் காய்ச்சல் வரும். ஒரே ஒரு வார்த்தை, கரிசல் என்று சொன்னால் போதும். மண் கரிசல்தான். அது பொய்கூட இல்லை. திங்கட்கிழமை கஞ்சிக்கோட்டுக்குப் போய்விடலாம்.

அவள் தட்டைப் பார்த்தாள். மூன்று வாரம் ஒரு தூசி ஒரு தூசியாக அவள் வெளியே கொண்டுவந்த முகம் அதில் இல்லை. மாமனாரிடம் பயந்தாள், ஊரிடம் பயந்தாள். அதையெல்லாம் விடக் கோபம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

“மண்ணு கரிசலுங்க,” என்றாள். குப்பண்ணன் பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. “ஆனா அது அம்மன் இல்லீங்க. விக்டோரியா ராணி. கால் அணாக் காசு. பேரு, வருசம், எல்லாம் இருந்துச்சு. தேச்சு அழிச்சுட்டாங்க.”

ஒலிபெருக்கி அதைச் சுத்தமாகத் தெருக்கோடி வரை கொண்டுபோயிற்று.

முதலில் பேசியது மோகனசுந்தரம். “வெயில்ல நிக்க வெச்சுட்டீங்க, பாவம்,” என்றார்.

“காலைல இருந்து விரதம்,” என்றார் குப்பண்ணன் உடனே.

“அம்மன் முகத்த நேராப் பாத்துட்டா சிலருக்கு இப்புடித்தான் ஆகும்,” என்றார் மோகனசுந்தரம்.

“ஆகும், ஆகும். மேளத்த அடிங்கப்பா!”

மேளம் அடித்தார்கள். பூசாரி அவள் முகத்தில் ஒரு கை தீர்த்தத்தை வீசினார். யாரோ மைக்கைப் பிடுங்கினார்கள். இரண்டு பங்காளிகளும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்கள். மேளம் ஒரு சுற்று முடிவதற்குள் திரும்பி வந்தார்கள். அம்மன் ஆறு மாசம் குப்பண்ணன் வீட்டில், ஆறு மாசம் மோகனசுந்தரம் வீட்டில். பரிவட்டம் இரண்டு பேருக்கும். ஒரே துணிதான் இருந்ததால் அதைக் குறுக்கே கிழித்தார்கள். இருபது வருஷத் தகராறு தீர்ந்தது. தீர்த்துவைத்தவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை முகரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. கஞ்சிக்கோடு போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. கல்லூரிச் சான்றிதழ்களை மறுபடியும் பெட்டியின் அடியில் வைத்தாள். அழ நினைத்தாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அழ இடம் இல்லை. அம்மனைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாட்டுக்கல், கொழிஞ்சாம்பாறை, அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலிருந்துகூட வந்தார்கள். குப்பண்ணன் ஆழத்தை முப்பதடிக்குக் கொண்டுபோயிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சாயங்காலம் வந்த ஒரு ஸ்கூல் வாத்தியார் மட்டும் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காப்பி கொண்டுவந்த தமிழ்ப்ரியாவிடம், “நீங்கதான் கழுவுனதுங்களா? கழுவறதுக்கு முன்னால என்ன...” என்று ஆரம்பித்தார்.

“அம்மிணி, எருமைக்குத் தண்ணி காட்டு போ!” என்று குப்பண்ணன் போட்ட சத்தத்தில் வாத்தியாரின் காப்பி தளும்பிற்று.

வாத்தியார் போனதும் அவர் மகனைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு விடிஞ்சதும் இவளக் கொண்டுபோய்க் கஞ்சிக்கோட்டுல உட்டுட்டு வா.”

“வேலைக்குங்களாப்பா?”

“பின்ன, வேடிக்கை பாக்கவா? வெள்ளனே போகட்டும். பொழுது எறங்கி வந்தாப் போதும். சும்மா ஊட்ல உக்காந்துட்டு வர்றவங்க போறவங்ககிட்ட வாயக் குடுக்கறதுக்கு, போயி நாலு காசு சம்பாதிக்கட்டும்.” கொஞ்சம் யோசித்தார். “ஞாயித்துக்கிழமையும் வேலை வெப்பாங்களான்னு கேளு.”

பொய் சொல்லியிருந்தால் ‘பேசலாம்’ என்பது எத்தனை மாசம் இழுத்திருக்குமோ. உண்மையைச் சொன்னதால் ஒரே நாளில் துரத்திவிட்டார்கள். தமிழ்ப்ரியா பெட்டியின் அடியில் இருந்து சான்றிதழ்களை எடுத்தாள்.

திங்கட்கிழமை விடியுமுன்பே கமலாத்தாள் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். மருமகளுக்கு இட்லியும் பொடியும் கட்டி, தயிர்சாதத்துக்கு ஊறுகாயைத் தனியாக வைத்து, டப்பாவை அழுத்தி மூடினாள். மணிகண்டன் வெளியே வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். கமலாத்தாள் ஒரு தடவை வாசலைப் பார்த்தாள். பூசையறையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஏங் கண்ணு, அந்த விக்டோரியாளுக்கு எத்தனை புள்ளைங்க?”

தமிழ்ப்ரியா டப்பாவை வாங்கிக்கொண்டாள். “ஒம்பதுன்னு படிச்சிருக்கறனுங்க அத்தை.”

“ஒம்பதா!” கமலாத்தாள் வாயில் கைவைத்தாள். “ஒம்பது பெத்துட்டு மகுடமும் வெச்சுட்டு ஊரையும் ஆண்டாளாமா?”

“ஆமாங்க.”

“அப்பச் சாமிதான் போ,” என்றாள் கமலாத்தாள். விளக்கேற்றப் பூசையறைக்குள் போனாள்.